எதுவும் செய்யாத பொம்மை

பொம்மைக் கடை அக்காவுக்கு அவனைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். கடை இருக்கிற கட்டிடத்தின் இரண்டு லிஃப்டுகளையும் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். ஆள் வாட்டசாட்டம். மேலே மெஷின் ரூமில் வேலையை முடித்துவிட்டு, கிரீஸ் கறையைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் தரைத்தளத்தில் அவள் கடை வாசலுக்கு வந்து, ஏதோ திருட வந்தவன் மாதிரி நிற்பான்.

"என்ன தம்பி, போன மாசம் வாங்கிட்டுப் போனது என்னாச்சு?"

"அது ஒத்து வரலக்கா."

ஒத்து வராததற்குப் பொம்மைமேல் பழி போட முடியாது. முதல் தடவை ரிமோட் கார். கொஞ்ச தூரம் ஓடி, நாற்காலிக்கு அடியில் போய் நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் 'போகுது கழுதை' என்று கையால் தள்ளி விளையாடியிருப்பார்கள். இவன் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். மகளைப் பார்க்கக் கொடுத்த நேரம் முழுக்கக் காரின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் கார் ஓடத்தான் செய்தது. ஆனால் பிள்ளை தூங்கிப் போயிருந்தது.

அடுத்தது வயிற்றை அமுக்கினால் பாடும் பொம்மை. மகள் இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்தாள். அதே பாட்டு. சோபாவுக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

அதற்கடுத்தது டாக்டர் செட். அன்றைக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. மகள் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு நேரே போய் நாற்காலியின் காலில் வைத்துக் கேட்டாள். "ஐயையோ, இதுக்கு பயங்கரக் காய்ச்சல்!" என்றாள். இவன் சும்மா இருக்கக் கூடாதா? "நாற்காலிக்கெல்லாம் காய்ச்சல் வராது கண்ணு. அதுவுமில்லாம, காய்ச்சல் பாக்கறது தெர்மாமீட்டர். இது நெஞ்சுத் துடிப்பு கேக்கறது" என்றான். மகள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டுப் போய்விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மகளுக்கு ஆறு வயது. அவனும் அவள் அம்மாவும் பிரிந்தபோது அவளுக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் வேலை அவனைத் தூரத்து நகரங்களுக்குத் துரத்தியது. திரும்பி வந்து, பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அது நடப்பதற்குள் அந்த வீட்டில் இன்னொரு அப்பா வந்து நன்றாக வேரூன்றிவிட்டார். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். திட்டுவதற்குக்கூட ஒரு குறை சொல்ல முடியாத மனிதர், அதுதான் கொடுமை. இவனையும் அப்பா என்றுதான் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் என்ன குழப்பம்? அவர் அப்பா, இவன் லிஃப்ட் அப்பா. ஒரே வாரத்தில் அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அந்த 'லிஃப்ட் அப்பா'வில் பாதி அப்பா இருக்கிறதே என்று அவன் பிடித்துக்கொண்டிருந்தான். நாளாவட்டத்தில் முன்பாதி உதிர்ந்து, பின்பாதி மட்டும் நிற்காதா என்று ஒரு நப்பாசை. அந்த நப்பாசையிலும் மண் விழுந்தது. போன வாரம் மகளின் அம்மா போன் செய்தாள்.

"அவருக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. வர்ற மாசம் எல்லாரும் கிளம்பறோம்."

அவன் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான்.

"கேக்குதா?"

"கேக்குது. பிள்ளைய எப்ப பாக்கறது?"

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாங்க. அங்க போனதும் வாராவாரம் வீடியோல பேசலாம். ஆனா ஒண்ணு, அவ பேசணும்னு சொன்னா போட்டுக் கொடுக்கறேன். வேணாம்னா வற்புறுத்த மாட்டேன். நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் அவ வந்து என் மடியில சுருண்டுக்கறா. போரடிக்குதும்மான்னு சொல்றா. நான் பொய் சொல்லல."

பொய் சொல்லவில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆக, மிச்சமிருப்பது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையில் 'இந்த ஆளோடு மறுபடி பேசணும்' என்று அந்தச் சின்ன வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவ்வளவுதான். கடல் தாண்டிப் போன பிள்ளைக்கு, போரடித்த லிஃப்ட் அப்பா எத்தனை நாள் ஞாபகத்தில் இருப்பான்?

இதையெல்லாம் கடை அக்காவிடம் சொல்லியே விட்டான். அவளும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. முழங்கையைக் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எதுவும் செய்யாத பொம்மையா வாங்குங்க தம்பி. பொம்மை ஆடிப் பாடினா பிள்ளை கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கும். பொம்மை சும்மா இருந்தாத்தான் பிள்ளைக்கு வேலை."

"சும்மா இருக்கறதுக்கா விலை போட்டு விக்கறீங்க?"

"ஏன், உங்க லிஃப்ட் பாதி நாள் சும்மாதானே நிக்குது, அதுக்கு நீங்க சம்பளம் வாங்கலையா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினாள். கட்டைவிரல் உயரத்தில் மரத்தில் கடைந்த ஆறு ஆட்கள், சில மரக்கட்டைகள், கைக்குட்டை அளவில் நாலைந்து நிறத்தில் துணிகள். அவ்வளவுதான்.

அவன் ஒரு ஆளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான். "மூஞ்சியே இல்லையேக்கா. செஞ்சவன் பாதியில விட்டுட்டானா?"

"மீதிய உங்க பொண்ணு செய்வா. இது யாருன்னு நீங்க சொல்லக் கூடாது, அவ சொல்லுவா. அவ என்ன சொன்னாலும் ஆமாம்னு சொல்லுங்க. குதிரை பறக்குதுன்னா பறக்குது."

"குதிரைக்கு றெக்கை..."

"தம்பி!"

அவன் ஆளைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பர்ஸை எடுத்தான்.

அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவன் தொழில் அப்படி. கம்பி வடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தால் கூடாது. கதவு விரல் அகலம் திறந்திருந்தாலும் கூடாது. 'பரவாயில்லை, ஓட்டுங்க' என்று ஒருநாள் சொல்லிவிட்டால் மறுநாள் எவனாவது கால் போய்க் கிடப்பான். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும் லிஃப்ட்காரனை நம்பி நீங்கள் எந்த லிஃப்டிலும் ஏறாதீர்கள். வெறுங்கையில் முழம் போடாதே என்று பெரியவர்களைத் திட்டலாம், பிள்ளைகளுக்கு அதுதானே முழுநேர வேலை. அந்த வேலையில் இவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஆனாலும் இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டாவது இருந்துவிடுவது என்று முடிவு செய்தான். பஸ்ஸில் போகும்போதுகூட "ஆமா கண்ணு, ஆமா கண்ணு" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். பக்கத்து சீட்டு அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

வீடு கிட்டத்தட்டக் காலியாகியிருந்தது. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. வாத்தியார் கையில் டேப்போடு வந்து, "வாங்க சார், வாங்க. உக்கார நாற்காலிகூட இல்ல, தப்பா நினைக்காதீங்க" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். மகளின் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சாமான் ஏத்தறவங்க வர்ற வரைக்கும் விளையாடுங்க" என்றாள். வாத்தியார் அடுத்த அறைக்குப் போய்ப் பெட்டிகளை ஒட்டத் தொடங்கினார்.

மகள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு என்ன ரிப்பேர் பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. இதுல ரிப்பேர் ஆக ஒண்ணுமே இல்ல" என்று பையை நீட்டினான்.

அவள் தரையில் கொட்டினாள். இவன் கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிள்ளை கொஞ்ச நேரம் ஆட்களை உருட்டி உருட்டிப் பார்த்தது. அப்புறம் ஒன்றை எடுத்து நிறுத்தியது.

"இது அம்மா."

"ஆமா கண்ணு."

"இது அப்பா." அடுத்த அறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அதற்கும் "ஆமா" என்றான்.

"இது நான். இது பூனை."

இந்த வீட்டில் பூனையே கிடையாது. அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அங்க போனதும் வாங்கித் தரேன்னு அப்பா சொல்லியிருக்கார். இன்னும் பிறக்கல."

"ஆமா ஆமா. நல்ல பூனை."

மிச்சம் இரண்டு ஆட்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் ஒன்றை எடுத்து, மூஞ்சி இல்லாத மூஞ்சியை உற்றுப் பார்த்து, "இது லிஃப்ட் அப்பா" என்று நிறுத்தினாள். கடைசி ஆளைத் தூக்கிப் பைக்குள் போட்டுவிட்டாள். "அது யாருமில்ல."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறக்காத பூனைக்கு அப்புறம்தான் என்றாலும் இடம் இடம்தானே! கடை அக்காவின் காலில் விழலாம் போலிருந்தது.

அடுத்து நடந்ததை அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். நீலத்துணி கடலானது, கடலுக்கு மேலே கடை வைத்தார்கள், கடையில் மேகம் விற்றார்கள். அவன் ஒரு மேகம் கேட்டான், "பெருசா சின்னதா?" என்று அவள் கேட்க, "ரெண்டு பேர் படுக்கற மாதிரி" என்றான். அவளுக்கு அது பிடித்துவிட்டது. தலையைச் சாய்த்து அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து அவன் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். தானாக, யாரும் சொல்லாமல்! அந்த எடை, ஒரு டூல்பாக்ஸ் எடைகூட இருக்காது, அவன் அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு நீங்க நல்லா விளையாடறீங்க" என்றாள்.

அடுத்த அறையில் டேப் கிழிபடும் சத்தம் ஒரு கணம் நின்றது. வாத்தியாருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அவள் கட்டைகளை அடுக்கி ஒரு பெட்டி மாதிரி செய்தாள். "இது நம்ம பில்டிங் லிஃப்ட். ஆறு பேர் போறது" என்றாள். சிவப்புத் துணியைக் கதவாக விட்டாள். கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலும் கீழும் போய் வந்தது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரவே நகராது, நகர்ந்தால் அது கொலைக்குற்றம். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினான். இருக்கட்டும், போகட்டும். மேகம் விற்கிற ஊரில் கதவு திறந்தே போகட்டும்.

"இப்ப எல்லாரும் வெளிநாட்டுக்குப் போறாங்க. லிஃப்டுல ஏறுங்க, ஏறுங்க. அம்மா ஏறியாச்சு. அப்பா ஏறியாச்சு. நான் ஏறியாச்சு. பூனை, ஓடாதே, ஏறு." அவள் திரும்பினாள். "இப்ப லிஃப்ட் அப்பா வந்து கேக்கறார். கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"நானும் வரட்டுமான்னு கேளுங்க."

அவன் அந்தக் கட்டைவிரல் மனிதனை எடுத்து லிஃப்ட் வாசலில் நிறுத்தினான். "நானும் வரட்டுமா?" என்றான். விளையாட்டுக் குரலில் சொல்லத்தான் நினைத்தான், வரவில்லை.

"வாங்க" என்றாள்.

உள்ளே வைத்தான். வைத்ததுதான் தாமதம், "ட்ரிங்ங்ங்!" என்று கத்தினாள். "வெயிட் ஜாஸ்தி! மணி அடிச்சிருச்சு! கடைசியா ஏறினவங்க இறங்கணும்!"

அந்தச் சட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அவள் முழங்காலில் எழுந்து நின்று, கண் பளபளக்க அவனையே பார்த்தாள். "இப்ப லிஃப்ட் அப்பா என்ன பண்ணுவார்?" என்றாள். ஏதோ ஒரு வேடிக்கைக்காகக் காத்திருக்கிறாள் என்பது ஒரு குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

பாவி, இவனுக்குத் தெரியவில்லை.

"இல்ல கண்ணு" என்றான். "இது ஆறு பேர் லிஃப்ட். நீங்க மூணு பேரு, அதுல நீ சின்னப் பிள்ளை. ஒரு பூனை. என்னைச் சேர்த்தாக்கூட மணி அடிக்காது."

"அடிச்சிருச்சு."

"அடிக்காது கண்ணு. அப்படி அடிச்சா அது சென்சார் கோளாறு. இடம் இருக்கு. தாராளமா இருக்கு பாரு. நான் வேணும்னா ஓரமா நின்னுக்கறேன்."

"நான்தானே மணி அடிச்சேன்!"

"நீ தப்பா அடிச்சுட்டே."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவன் காதுக்கே கேட்டது. பிள்ளையின் முகத்தில் விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிட்டது. அழவில்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது சமாதானம் செய்யலாம். முழங்காலிலிருந்து கீழே உட்கார்ந்து, துணியின் ஓரத்தை இழுத்து இழுத்து நேராக்கத் தொடங்கினாள்.

"சரி சரி சரி" என்று பதறினான். "வெயிட் ஜாஸ்திதான். நான்தான் தப்பு. பாரு, லிஃப்ட் அப்பா இறங்கிட்டார். கீழயே நிக்கறார். நீங்க போங்க, நீங்க போயிட்டு வாங்க."

"அவங்க எப்பவோ போயிட்டாங்க" என்றாள் மகள்.

எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள். மரக்கட்டை லிஃப்டுக்குள் நாலு பேரும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணு, கண்ணு என்று கூப்பிட நினைத்தான்.

சாமான் ஏற்றுகிறவர்கள் கீழே வந்துவிட்டதாகப் போன் வந்தது. மகளின் அம்மா பிள்ளையை இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் எதிரிலேயே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள் போலும். மறைக்கிறாள் என்ற பேச்சு வரக்கூடாது.

"கண்ணு, அங்க போனதும் வாராவாரம் லிஃப்ட் அப்பாகூட வீடியோல பேசறியா?"

பிள்ளை யோசித்தது. நிஜமாகவே யோசித்தது. அந்த நேரத்தில் அவன் கும்பிடாத குறையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்மா. அவருக்கு விளையாடத் தெரியல" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்..." என்று ஆரம்பித்த அம்மா அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும். வற்புறுத்தாதே" என்றான். "பொம்மை மட்டும் இருக்கட்டும்."

"கண்டிப்பா சார்" என்றார் அடுத்த அறையிலிருந்து வந்த வாத்தியார். "கைப்பையிலயே எடுத்துக்கறோம்." கைகொடுத்தார். டேப் பசை ஒட்டிய கை. மகள் டாட்டா காட்டினாள். குனிந்து அவள் தலையைத் தொட்டான். அதற்கு மேல் நின்றால் மானம் போய்விடும் என்று வெளியே வந்துவிட்டான்.

நடையில் லிஃப்ட் பட்டனை அமுக்கினான். சாமான் எடுப்பதற்காக வீட்டுக் கதவை ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே பேசுவது அத்தனையும் கேட்டது.

"அப்பா, இங்க வாங்க. நீங்க லிஃப்ட் அப்பாவா இருங்க."

"சரி. என்ன பண்ணணும்?"

"நானும் வரட்டுமான்னு கேக்கணும்."

"நானும் வரட்டுமா?"

"வாங்க. ட்ரிங்ங்ங்! வெயிட் ஜாஸ்தி, இறங்குங்க!"

"அப்படியா சங்கதி?" என்றார் வாத்தியார். "நீங்க லிஃப்டுல போங்க. நான் படியில ஓடி வந்து, கீழ உங்களைப் பிடிக்கறேனா இல்லையா பாருங்க!"

டக்டக்டக்டக் என்று மர ஆள் தரையில் குதித்து ஓடும் சத்தம் கேட்டது. பிள்ளை வீறிட்டுச் சிரித்தாள். இத்தனை மாதத்தில் அந்தச் சிரிப்பை அவன் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

படி. எத்தனை கட்டிடங்களில், லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டபோதெல்லாம், மூச்சு முட்டப் படியில் ஓடியவன் அவன். ஊரில் வேறு எவனும் அவனளவுக்குப் படியில் ஓடியிருக்க மாட்டான். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை, ஏன் தோன்றவில்லை என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது, யாரும் ஏறாததால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. உள்ளே மகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் அப்பா வர்றார்! லிஃப்ட் அப்பா, சீக்கிரம்! லிஃப்ட் அப்பா, இங்க, இங்க!"